அரபு எழுதும் பிள்ளையின் புள்ளிகள் எங்கே போகின்றன?

குவைத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. நாலு வருஷமாக இங்கே ஒரு மழலையர் பள்ளியில் உதவி டீச்சராக இருக்கிறேன். வகுப்பில் குவைத், எகிப்து, சிரியா வீட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு எகிப்துப் பையனுக்கு 5 வயது 8 மாதம். பேச்சில் கெட்டிக்காரன், எழுத உட்கார்ந்தால்தான் தொல்லை. அரபு எழுத்தில் புள்ளிகளை விட்டுவிடுகிறான், இல்லையென்றால் மாற்றிப் போடுகிறான், சில நேரம் இரண்டு புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு இழுக்கிறான். எழுத்துகளைச் சேர்க்காமல் தனித்தனியாக விடுகிறான். ஆங்கிலத்தை வலது பக்கத்திலிருந்து தொடங்குகிறான். கணக்கில் ஐந்துக்குச் சைபர் போடுகிறான். இடது கைப் பழக்கம் வேறு. மாற்றிவிடச் சொல்லி அவன் பாட்டி பள்ளிக்கே வந்துவிட்டார். தினமும் புள்ளிக்கோட்டுத் தாளில் நாலு பக்கம் எழுத வைக்கிறோம், ஒரு முன்னேற்றமும் இல்லை. இப்போது பென்சிலை எடுத்தாலே பாத்ரூம் போகணும் என்கிறான். 'டிஸ்லெக்ஸியாவா, வாசிப்பதில் வரும் குறைபாடா?' என்று அவன் அம்மா என்னிடம் கேட்கிறார். நான் சின்ன வயதில் ஓதப்பள்ளியில் அரபு எழுத்து கற்றவள், பேச்சு அரபு இங்கே வந்துதான் பழகியது. என்னால் என்ன செய்ய முடியும்?"

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. முதல் வேலையாக அந்த நாலு பக்கத்தை நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள். வகுப்பின் அரபு ஆசிரியையிடம் பேசித்தான் நிறுத்த முடியும் என்பது தெரியும், பேசுங்கள், ஏன் என்பதற்குக் காரணம் கீழே சொல்கிறேன், அதை அப்படியே அவரிடமும் சொல்லலாம்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளர். ஷார்ஜாவில் 9 வருஷம் இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் பொழுது போனது, பெரும்பாலும் அரபு வீட்டுப் பிள்ளைகள். "கையெழுத்து சரியில்லை" என்று அழைத்து வருவார்கள். கையைப் பார்ப்பதுதான் என் தொழில். ஆனால் அரபு எழுதும் பிள்ளையிடம் கையை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தவறிவிடும். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆறேழு தப்புகளும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. ஒன்று கண்ணிலிருந்து வருகிறது, ஒன்று காதிலிருந்து, ஒன்று அம்மாவின் கையிலிருந்து. இரண்டு மூன்று தப்பே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எழுத வரவில்லை" என்று பெயர் வைத்ததால்தான் நாலு பக்கம் எழுதியும் ஒன்றும் அசையவில்லை.

புள்ளியிலிருந்து தொடங்குகிறேன், அரபில் அதுதான் பெரிய விஷயம். 28 எழுத்தில் 15 எழுத்துக்குப் புள்ளி உண்டு. பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான், கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று என்கிற நுக்தாதான், அதாவது புள்ளிதான், வித்தியாசம். ஓதப்பள்ளியில் படித்த உங்களுக்கு இது தெரிந்ததே. தனியாக எழுதும்போது நூனுக்கும் யாவுக்கும் வேறு உருவம் இருக்கிறது, சொல்லின் முதலிலோ நடுவிலோ வந்தால் அவையும் பா, தா மாதிரி வெறும் ஒரு பல்லாகச் சுருங்கிவிடும். இப்போது அந்தப் பையனின் பாடப்புத்தகத்தில் முதல் பக்கங்களிலேயே இருக்கக்கூடிய ஒரு சொல்லை எடுங்கள்: பைத், வீடு. ஒரு பல், இன்னொரு பல், கடைசியில் ஒரு தொட்டி. கீழே ஒன்று, கீழே இரண்டு, மேலே இரண்டு. அடுத்து பின்த், பெண்பிள்ளை. அதே பல், அதே பல், அதே தொட்டி. நடுப்பல்லுக்குக் கீழே இருந்த இரண்டு புள்ளி போய் மேலே ஒரு புள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான். நப்த், அதாவது செடி, அதுவும் இதே எலும்புக்கூடு. புள்ளியை எடுத்துவிட்டால் வீடும் பெண்ணும் செடியும் ஒன்றே.

ஆரம்ப கால அரபுப் பிரதிகளில் புள்ளிகள் மிகக் குறைவாகவே இருந்தன. வாசித்தவர்களுக்கு வாசகம் முன்பே மனப்பாடம், அதனால் சமாளித்தார்கள். ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு அப்படி எதுவும் மனப்பாடமில்லை, அவன் கண் அந்தச் சின்னப் புள்ளியைத்தான் நம்பியாக வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கே இந்த எழுத்தமைப்பு வேலை அதிகம் தருகிறது என்று ஹைஃபா பல்கலைக்கழகத்தில் ரஃபீக் இப்ராஹீம், ஸோஹர் எவியாதார் குழுவினர் 2002-இல் எழுதினார்கள். அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே அரபு எழுத்துகளைக் கண்டுகொள்ள, இரண்டாம் மொழியான ஹீப்ரு எழுத்துகளை விடக் கூடுதல் நேரம் பிடித்தது. அந்தப் பையன் மேல் நமக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வர இது ஒன்றே போதும்.

இதோடு சேர்த்து எழுதும் வரிசையையும் பாருங்கள். அரபில் சொல்லின் உடம்பைக் கையெடுக்காமல் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் திரும்பி வந்து புள்ளிகளை வைக்கிறோம். உடம்பு முடிவதற்குள் பையனின் கவனம் முழுக்கத் தீர்ந்துபோயிருக்கும், எத்தனை புள்ளி, மேலேயா கீழேயா என்பது நினைவில் நிற்காது. அதனால் விட்டுவிடுகிறான். இது சோம்பேறித்தனம் கிடையாது. கையில் வரைதல் தானாக ஓட ஆரம்பித்த பிறகுதான் புள்ளிக்கு மனதில் இடம் கிடைக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், ஒரு வாரம் அவன் எழுதியதைத் திருத்தாமல் சேர்த்து வையுங்கள். பிறகு உட்கார்ந்து புள்ளித் தப்புகளை மட்டும் பிரியுங்கள். எந்த எழுத்தில் புள்ளியே இல்லை, எதில் இடம் மாறியது, எதில் எண்ணிக்கை மாறியது. எல்லா எழுத்திலும் அங்கங்கே விடுபட்டிருந்தால் அது நினைவும் கையும் சம்பந்தப்பட்டது, வயதோடு சரியாகும். ஒரே எழுத்தில் திரும்பத் திரும்ப ஒரே தப்பு வந்தால் அங்கே நில்லுங்கள்.

உதாரணத்துக்கு நரி. எழுத்தரபில், அதாவது புத்தகத்திலும் பள்ளியிலும் வரும் அரபில், ஸஃலப், மூன்று புள்ளி ஸாவில் தொடங்கும், நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்ல வேண்டிய ஒலி. எகிப்து வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், தஃலப் என்பார்கள். அந்தப் பையன் ஒரு புள்ளியைக் குறைத்துத் தா போட்டு எழுதினால், புள்ளியை மறந்தான் என்று அர்த்தமில்லை, வீட்டில் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறான். பக்கத்தில் இருக்கும் குவைத்துப் பிள்ளைக்கு ஸா ஒலி வீட்டிலேயே உண்டு, அவனுக்கு இந்தச் சொல் லேசு. அதே குவைத்துப் பிள்ளை கோழிக்கு எழுத வேண்டிய ஜீமுக்குப் பதில் யா எழுதுவான், ஏனென்றால் தஜாஜ் அவன் வீட்டில் தியாய். எகிப்து, சிரியா நகரத்துப் பிள்ளைகள் காஃபை விழுங்கிவிடுவார்கள், எழுதுகோலுக்கு கலம் என்னாமல் அலம் என்பார்கள். அலிஃப் போட்டு அலம் என்று எழுதினால் எழுத்தரபில் அது "வலி" ஆகிவிடும். டீச்சர் சிவப்பு மையில் அடிக்கிறார், பிள்ளைக்கு எதற்கு அடி விழுந்தது என்றே புரியாது. நம்மூரில் ஒரு பிள்ளை "வாளப்பளம்" என்று எழுதினால் அவன் கையைப் பிடித்து ழகரம் சுழிக்கப் பழக்குவதால் மட்டும் சரியாகுமா, முதலில் அவன் வாயில் ழகரம் இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா, அதே கதைதான்.

வீட்டு அரபும் பள்ளி அரபும் வேறு வேறு என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது எங்கே இடிக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர் ஆய்வாளர் எலினோர் ஸாயெக் ஹத்தாத். வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிரித்துக் காண்பது மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கடினமாக இருக்கிறது என்று 2003-இல் அவர் எழுதினார். உங்கள் வகுப்பில் மூன்று நாட்டுப் பேச்சு இருக்கிறது. அப்படியென்றால் மூன்று விதமான தப்புப் பட்டியலும் இருக்கும். அரபு ஆசிரியையோடு ஒரு நாள் உட்கார்ந்து எந்த வீட்டில் எந்த ஒலி இல்லை என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் பாதித் திருத்தல் வேலை மிச்சமாகும்.

காது விஷயத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அதனால் ஒரு பிள்ளை ஆறு வாரத்தை இழந்தான். ஷார்ஜா வந்த இரண்டாம் வருஷம், 6 வயது சிரியாப் பையன், ஸீன் எழுத வேண்டிய இடத்தில் ஸாதும் ஸாது எழுத வேண்டிய இடத்தில் ஸீனும் எழுதுவான், எழுத்தெல்லாம் கோணல். விரலில் பலமில்லை என்று முடிவு செய்து களிமண் பிசைய வைத்தேன், கிளிப் மாட்ட வைத்தேன், மணி கோக்க வைத்தேன். விரல் தேறியது. எழுத்து தேறவில்லை. ஒரு நாள் பக்கத்து அறை ஸ்பீச் தெரபிஸ்ட், ஜோர்தான்காரி, அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மெல்லிய குரலில் இரண்டு சொல் சொன்னார். ஸீனில் தொடங்கும் ஸைஃப், வாள். ஸாதில் தொடங்கும் ஸைஃப், கோடைகாலம். மேஜையில் இரண்டு படம் இருந்தது. பத்துத் தடவையில் அவன் விரல் பத்துத் தடவையும் வாளிலேயே போய் நின்றது. காது பரிசோதனைக்கு அனுப்பினோம், இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. வாள் படத்தின் மேல் அந்தக் குட்டி விரல் போய் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. அதிலிருந்து கையெழுத்து என்று யார் வந்தாலும் காதும் கண்ணும் பார்த்த சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். உங்கள் பையனுக்கும் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளையா, டிவி சத்தத்தைக் கூட்டுகிறானா என்று அம்மாவிடம் விசாரியுங்கள்.

அந்தச் சின்னக் கோடு விஷயம். அடுத்த முறை அவன் அம்மா ஏதாவது குறிப்பு எழுதி அனுப்பினால் அதை நன்றாகப் பாருங்கள். பாடப்புத்தகம் அச்சாவது நஸ்க் எழுத்தில். எகிப்திலும் சிரியா பக்கமும் பெரியவர்கள் கையால் வேகமாக எழுதுவது ருக்ஆ பாணியில், அதில் இரண்டு புள்ளி ஒரு சின்னக் கோடாகிவிடும், மூன்று புள்ளி ஒரு குட்டிக் கூரை மாதிரி ஆகிவிடும், ஸீனின் பற்கள்கூட நீண்ட கோடாக மழுங்கிவிடும். அம்மா சாமான் பட்டியல் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பிள்ளையாக இருப்பான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவன் எழுத்தைக் கவனிக்கிறான், கையெழுத்தையும் அச்செழுத்தையும் ஒன்றென்று கண்டுகொள்கிறான். இதற்காக அவனைப் பாராட்ட வேண்டும். "அம்மா மாதிரி எழுதுகிறாயே, பள்ளியில் நாம் புத்தகம் மாதிரி எழுதுவோம்" என்று சொன்னால் போதும், அடிக்காதீர்கள்.

இனி அந்த நாலு பக்கம். எழுத்தின் மேல் எழுத்து எழுதிப் பழகும் தாள்கள் எனக்கு எந்த மொழியிலும் பெரிதாகப் பிடிக்காது, அரபில் சுத்தமாகப் பிடிக்காது. அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். எழுத்தின் உடம்பே புள்ளி புள்ளியாக அச்சிட்டிருக்கிறது. எந்தப் புள்ளி கோடு, எந்தப் புள்ளி நுக்தா? புள்ளிதான் உயிர் என்கிற எழுத்துமுறையைப் புள்ளிக்காட்டுக்குள் ஒளித்து வைத்து, ஏன் புள்ளியை விட்டாய் என்று பிள்ளையைக் கேட்கிறோம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2012-இல் அமெரிக்காவில் காரின் ஜேம்ஸும் லாரா எங்கெல்ஹார்ட்டும் இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைக் கையால் தானாக எழுத வைத்து, சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுத வைத்து, சிலவற்றைத் தட்டச்சு செய்ய வைத்து, பிறகு மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தானாக எழுதிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன, மற்ற இரண்டில் அப்படி நடக்கவில்லை. ஆய்வு ஆங்கில எழுத்துகளில் நடந்தது, பிள்ளைகளும் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் நான் வருஷக்கணக்காக மேஜையில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. கோணல்மாணலாக ஆனாலும் தானே நினைத்து, தானே தொடங்கி, தானே முடித்த ஒரு எழுத்து, மேலே ஓட்டிய நாற்பது எழுத்துக்குச் சமம். அதனால் எழுதுவதையே நிறுத்திவிடாதீர்கள், டேப்லெட்டில் தொடட்டும் என்றும் விட்டுவிடாதீர்கள். கொஞ்சமாக எழுதட்டும், வெறும் தாளில், தன் கையால்.

எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் வெயில் இதற்கு நல்ல துணை. காலையில் சூடு ஏறுவதற்குள், நிழலாக இருக்கும் பள்ளிச் சுவருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் ஒரு கப் தண்ணீரும் போதும். சுவரில் பெரிதாக, தோளிலிருந்து கை அசைய, பைத் என்கிற சொல்லின் உடம்பைத் தண்ணீரால் எழுதட்டும். பிறகு பிரஷ்ஷை வைத்துவிட்டு ஈர விரல் நுனியால் புள்ளி குத்தட்டும். குத்தும்போது வாயால் சொல்ல வேண்டும், நுக்தா தஹ்த் (கீழே ஒரு புள்ளி), நுக்ததைன் தஹ்த் (கீழே இரண்டு), நுக்ததைன் ஃபவ்க் (மேலே இரண்டு), அவன் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்லட்டும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும், தப்பும் மறைந்துவிடும், அது எழுத பயந்த பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். சூடான் கிராமத்தில் கல்வா எனப்படும் ஓதப்பள்ளிகளிலும் மொரிட்டானியாவிலும் இன்றும் பிள்ளைகள் மரப்பலகையில் எழுதிக் கழுவித்தான் படிக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி அழித்த மாதிரி.

உள்ளே மேஜையில் செய்ய வேறொன்று. நீங்கள் ஒரு அட்டையில் தடித்த பேனாவால் பல், பல், தொட்டி மட்டும் எழுதிக் கொடுங்கள், புள்ளி இல்லாமல். ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலை. "வீடு கட்டு" என்றால் கடலையை வைத்து வீடாக்க வேண்டும். "இப்போது பெண்பிள்ளை ஆக்கு" என்றால் இரண்டு கடலையை எடுத்து ஒரு கடலையை மேலே வைக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஒரு கடலை நகர்ந்ததும் சொல்லே மாறுவதைப் பிள்ளை தன் விரலால் கண்டுபிடிக்கிறான், அப்புறம் புள்ளியை அவ்வளவு சுலபத்தில் விடமாட்டான். ஒரு நேரம் 10 நிமிஷம், வாரத்தில் நாலு நாள். அதற்கு மேல் வேண்டாம்.

ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்கிற உயிரொலிக் குறிகளை (ஹரகத்), நம்மூரில் ஜபர், ஜேர், பேஷ் என்று ஓதியிருப்பீர்கள், இப்போது எழுதச் சொல்லாதீர்கள். வாசிக்கும்போது இருக்கட்டும், அவை இல்லாமல் இந்த வயதில் வாசிக்க முடியாது. ஓதிப் பழகிய நமக்கு ஹரகத் இல்லாத எழுத்து அரைகுறையாகத் தோன்றும், அதனால்தான் குறிப்பாகச் சொல்கிறேன். எழுதும் கைக்கு உடம்பும் புள்ளியும் போதுமான சுமை.

எழுத்தைச் சேர்க்காமல் விடுவது. இதில் ஒரு சின்னச் சோதனை. அவன் எந்தச் சொல்லில் சேர்க்காமல் விட்டான்? அரபில் அலிஃப், தால், அதன் மேல் புள்ளி வைத்த ஃதால், ரா, அதன் மேல் புள்ளி வைத்த ஸாய், வாவ், இந்த 6 எழுத்தும் தனக்கு முன் வந்த எழுத்தின் கையைப் பிடிக்கும், பின்னால் வருவதன் கையைப் பிடிக்காது. தாவூத் என்கிற பெயரை எழுதினால் நாலு எழுத்தும் தனித்தனியாகத்தான் நிற்கும், அதுதான் சரி. ரோஜாவுக்கு வர்தா என்று எழுதினாலும் அப்படியே. முஹம்மத் என்றால் கடைசி வரை சேர வேண்டும். பையனின் பெயரை நீங்கள் எழுதவில்லை, எழுதாததும் நல்லதே, ஆனால் அவன் பெயரில் இந்த 6 எழுத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தன் பெயரைத்தான் பிள்ளை முதலில் கற்கிறான், அதிலிருந்துதான் மற்றச் சொற்களுக்கும் சட்டம் போடுகிறான். சேரவேண்டிய இடத்திலும் சேர்க்கவில்லை என்றால், பாப் மாதிரி ஒரே ஒரு சேர்ப்பு இருக்கும் சொற்களில் தொடங்கி மெதுவாகப் போங்கள். ஐன், ஹா இரண்டும் நடுவில் வரும்போது ஆளே மாறிவிடும், அவற்றைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

ஐந்துக்குச் சைபர் போடுவது தப்பே இல்லை. எகிப்து வீட்டில் எழுதும் எண்களில் ஐந்து ஒரு வட்டம், சைபர் ஒரு புள்ளி. ஆறு ஆங்கில ஏழு மாதிரி இருக்கும். அவன் ஐந்தைத்தான் எழுதியிருக்கிறான். ஒரு அட்டையில் இரண்டு எண் வரிசையையும் மேலும் கீழுமாக எழுதி அவன் மேஜையில் ஒட்டிவிடுங்கள், கணக்கில் அவனுக்கு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுங்கள்.

ஆங்கிலத்தை வலமிருந்து தொடங்குவதும், எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போடுவதும் 6, 7 வயது வரை ஒரே ஒரு மொழி எழுதும் பிள்ளைகளிடம்கூடச் சகஜம். ஒரு கோப்பையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று பிறந்ததிலிருந்து கற்ற மூளை, எழுத்தில் மட்டும் திசை முக்கியம் என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இவனுக்கோ இரண்டு திசை. அரபு நோட்டில் வலது மேல் மூலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர், ஆங்கில நோட்டில் இடது மேல் மூலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர், பச்சையில் கிளம்பு என்று சொல்லுங்கள். இரண்டு மொழி எழுத்துவேலையும் ஒன்றன் பின் ஒன்றாக வைக்காமல் நடுவில் விளையாட்டு நேரம் வரும்படி அமைத்தால் இன்னும் நல்லது.

பாட்டி. இதைக் கொஞ்சம் மென்மையாகக் கையாளுங்கள், உங்களுக்கு அந்தப் பக்குவம் இருக்கும். வலது கையால் சாப்பிடப் பழக்குவது அந்த வீட்டின் நம்பிக்கை, நம் ஊர் வீடுகளிலும் அதே பழக்கம்தான், அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. எழுதும் கை வேறு, அதை மூளை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டது, வலுக்கட்டாயமாக மாற்றினால் எழுத்து இன்னும் மோசமாகும், பயமும் சேரும். பாட்டியிடம் சொல்ல உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இடது கைப் பிள்ளை ஆங்கிலம் எழுதும்போது தான் எழுதியதைத் தன் கையாலேயே மறைத்து மையை இழுவிக்கொள்வான். அரபு எழுதும்போது அவன் கை எழுதியதை விட்டு விலகி இடதுபுறம் போய்க்கொண்டே இருக்கும், எழுதியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதாவது அரபு எழுத இடது கை வசதியான கை. "உங்கள் பேரன் குர்ஆனின் எழுத்தை அழகாக எழுத இந்தக் கை அவனுக்கு உதவும், ஹாஜ்ஜா" என்று சொல்லிப் பாருங்கள். அரபு எழுதும்போது தாளின் மேல் விளிம்பு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், மணிக்கட்டு வரிக்குக் கீழே இருக்கட்டும். பென்சிலை மூன்று விரலில் பிடித்தாலும் நாலு விரலில் பிடித்தாலும் கவலைப்படாதீர்கள், கை வலிக்காமல் ஓடினால் சரி. கால் தரையில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள், தொங்கினால் ஒரு பெட்டியை வையுங்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது. டிஸ்லெக்ஸியா என்றோ இல்லை என்றோ நீங்கள் சொல்லாதீர்கள், நானும் கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். 5 வயது 8 மாதத்தில் எழுத்துத் தப்புகளை வைத்து அந்தப் பெயரைச் சூட்டுவது சரியில்லை. முதல் வகுப்பு முடியும்போதும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை, ஹரகத் போட்ட எளிய சொற்களையே மிக மெதுவாக எழுத்துக்கூட்டுகிறான், ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை, குடும்பத்தில் யாருக்கோ இப்படி இருந்தது என்றால் அப்போது அரபு தெரிந்த நிபுணரிடம் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவரிடம் காட்டிப் பயனில்லை. பேச்சில் கெட்டி என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு நம்பிக்கை தருகிறது.

அம்மாவால் வீட்டில் செய்யக்கூடிய பெரிய உதவி எழுத வைப்பதில் இல்லை. இரவில் ஒரு கதைப் புத்தகத்தை எழுத்தரபில் உள்ளபடியே வாசிக்கட்டும், பிறகு எகிப்துப் பேச்சில் அதைப் பற்றி அரட்டை அடிக்கட்டும். மழலை வயதில் எழுத்தரபில் கதை கேட்ட பிள்ளைகள், முதல் இரண்டு வகுப்புகளில், பேச்சரபில் மட்டும் கதை கேட்டவர்களை விட நன்றாகப் புரிந்து வாசித்தார்கள் என்று சலீம் அபூ ராபியா 2000-இல் காட்டியிருக்கிறார். குவைத்துக்கு இது புதிதும் இல்லை. 1979-இல் அங்கே தயாராகி ஒளிபரப்பான "இஃப்தஹ் யா ஸிம்ஸிம்" என்கிற சிறுவர் டிவி நிகழ்ச்சி எளிய எழுத்தரபில்தான் பேசியது, உங்கள் பள்ளியில் இருக்கும் நாற்பது வயது தாண்டிய டீச்சர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். நரி வரும் கதையாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஸஃலப், ஸஃலப் என்று பத்துத் தடவை காதில் விழுந்தால் மூன்றாவது புள்ளிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நீங்கள் அரபு நாட்டுக்காரி இல்லையே என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் தயங்கியிருக்கிறீர்கள். அந்த மொழியிலேயே பிறந்தவர்களுக்கு அலிஃப் பா தானாக வந்த மாதிரி இருக்கும், எங்கே கஷ்டம் என்று நினைவிருக்காது. நீங்கள் ஓதப்பள்ளியில் ஒவ்வொரு நுக்தாவாக எண்ணிக் கற்றவர், அந்தப் பையன் இப்போது நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும்.

பாத்ரூம் போகணும் என்றால் போகட்டும், வாசலில் நின்று கேள்வி கேட்க வேண்டாம். திரும்பி வந்தால் பென்சிலைக் கொடுக்காமல் கடலைக் கிண்ணத்தை நகர்த்தி வையுங்கள். இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் பைத், பின்த், கலம் மூன்றையும் நீங்கள் வாயால் சொல்லி அவனை எழுத வைத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எழுதும்போது அவன் வாய் என்ன முணுமுணுத்தது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். நாலு வாரம் கழித்து அதே மூன்று சொல். இரண்டு தாளையும் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள், காது பரிசோதனை முடிவையும் சேர்த்து. புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.